கப்பல் நின்ற ஒரு நாள்: கொழும்பு இடைத்தங்கலின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1960கள் வரை, ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ சீனாவுக்கோ ஜப்பானுக்கோ கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் வழியில் ஒரு நாளைக் கொழும்பில் கழித்தார்கள். அவர்கள் இலங்கைக்கென்று வந்தவர்கள் அல்லர். இலங்கை வழியாகப் போனவர்கள். கப்பல் நிலக்கரியும் நன்னீரும் ஏற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் எடுத்ததோ அதுவே அவர்களுக்குக் கிடைத்த நேரம். சிலருக்கு அது நான்கைந்து மணி, சிலருக்கு ஒரு முழுப் பகல், மிஞ்சினால் இரண்டு நாள். அவ்வளவு குறைந்த நேரத்தில் ஓர் அயல் நகரத்தை எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்குக் கொழும்பு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் விடையளித்தது. அந்நகரின் ஓட்டல்கள், கடைத்தெருக்கள், ரிக்‌ஷாக்கள், வழிகாட்டி நூல்கள் எல்லாம் கப்பலின் மணிக்கணக்கை ஒட்டியே வளர்ந்தன.

காலியிலிருந்து கொழும்புக்கு

இந்த வழக்கம் கொழும்பில் தொடங்கவில்லை. பி அண்டு ஓ எனப்படும் பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம் 1842இல் சூயசுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவையைத் தொடங்கியபோது, இலங்கையில் அதன் துறைமுகம் தீவின் தென்முனையில் உள்ள காலிதான். பின்னர் சீனத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சேவைகள் விரிந்தபோது, பயணிகளும் தபால் மூட்டைகளும் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடமாகக் காலி ஆயிற்று. கோட்டைக்குள் பயணிகளுக்கென்று ஓட்டல் எழுந்தது. ஐரோப்பியச் செய்திகள் முதலில் வந்து சேர்வதும் காலிக்கே. அங்கிருந்து கொழும்பு 72 மைல். தந்தி வருவதற்கு முன், 1850 முதல், 'சிலோன் அப்சர்வர்' செய்தித்தாள் அந்தத் தொலைவுக்குப் புறாக்களைப் பறக்கவிட்டுச் செய்தி அனுப்பியது.

ஆனால் காலித் துறைமுகத்தில் நீருக்கடியில் பாறைகள் நிறைந்திருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே கப்பலை நிறுத்துவதே சிரமம். 1871 நவம்பரில் பி அண்டு ஓவின் 'ரங்கூன்' என்ற கப்பல், ஆஸ்திரேலியாவுக்கான தபாலுடன் காலிக்கு வெளியே பாறையில் மோதி மூழ்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1869 நவம்பரில், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டுவிட்டது. அதுவரை எகிப்தில் தரைவழியாகக் கடந்து வேறு கப்பல் ஏற வேண்டியிருந்த பயணிகள் இனி ஒரே கப்பலில் நேராக இந்தியப் பெருங்கடலுக்கு வரலாம் என்றானது. கப்பல்கள் பெரிதாயின, எண்ணிக்கையும் கூடியது. இலங்கைக்குப் பாதுகாப்பான, ஆழமான துறைமுகம் ஒன்று தேவைப்பட்டது.

அன்றைய கொழும்பு இயற்கைத் துறைமுகம் அன்று. காற்றுக்கும் அலைக்கும் திறந்து கிடந்த கடற்கரை. ஆனால் ஆட்சியின் தலைநகரம் அது. காப்பித் தோட்டங்களின் விளைச்சலைக் கொண்டுவரும் ரயில் பாதையும் அங்கேதான் முடிந்தது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், பொறியாளர் ஜான் கூட் வகுத்த திட்டப்படி, தென்மேற்கு அலைதாங்கிச் சுவர் கட்டும் வேலை தொடங்கியது. வேல்ஸ் இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டு 1875 டிசம்பர் 8 அன்று அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ 4,200 அடி நீளமுள்ள அந்தச் சுவர் பத்து ஆண்டுகளில் கட்டி முடிந்தது. முடிவதற்கு முன்னரே, 1882இல், பி அண்டு ஓ தன் தபால் கப்பல்களைக் காலியிலிருந்து கொழும்புக்கு மாற்றிக்கொண்டது. மற்ற நிறுவனங்களும் அவ்வாறே செய்தன. பின்னர் வடக்குப் பக்கத்திலும் சுவர்கள் எழும்ப, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பு உலகின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாகியது. காலி அமைதியான சிற்றூராகத் தங்கிவிட்டது.

நிலக்கரி தந்த நேரம்

நீராவிக் கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்பதை நிலக்கரிதான் முடிவுசெய்தது. ஏடனிலிருந்து கொழும்பு சுமார் 2,100 கடல் மைல். கொழும்பிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃபிரீமாண்டில் சுமார் 3,100 கடல் மைல். அக்காலத் தபால் கப்பலின் வேகத்தில் முன்னது ஆறேழு நாள், பின்னது ஒன்பது பத்து நாள். அந்த நீண்ட கடற்பரப்பைக் கடக்கும் முன் கப்பலின் கரிக்கிடங்கு நிரம்பியிருக்க வேண்டும். கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங், யோகோஹாமா செல்லும் வழிகளும் இங்கேதான் பிரிந்தன. பி அண்டு ஓ, ஓரியண்ட் லைன், பிரெஞ்சு மெசாஜெரி மரிதீம், ஜெர்மானிய நார்டாய்ச்சர் லாயிட், ஜப்பானிய நிப்பான் யூசென் கைஷா எனப் பல நாட்டுக் கப்பல்களும் இங்கே நின்றன.

கரி ஏற்றும்போது கப்பலில் இருப்பது எவருக்கும் விருப்பமான காரியமன்று. கரிப்படகுகள் கப்பலின் இரு பக்கமும் வந்து நிற்கும். தொழிலாளர்கள் கூடைகளிலும் சாக்குகளிலும் கரியைத் தூக்கிக்கொண்டு பலகைகள் மீது வரிசையாக ஏறி இறங்குவார்கள். கருந்தூசி புகாமல் இருக்க அறைச் சன்னல்களை இறுக மூடிவிடுவார்கள். வெப்பமண்டலத்தின் நடுப்பகலில் மூடிய இரும்பு அறைக்குள் இருக்க முடியாது. ஆகவே பயணிகள் கரையேறினார்கள். கொழும்பைப் பார்க்கும் ஆவல் ஒரு பக்கம் இருக்க, கப்பலை விட்டு வெளியேறியே தீரவேண்டிய நிலையும் அவர்களைக் கரைக்குத் தள்ளியது. கொழும்பின் பயணத் தொழில் முழுவதும் இந்த இரண்டின் மேல் எழுந்ததே.

கரையேறும் வேளை

கப்பல்கள் அலைதாங்கிச் சுவருக்குள் மிதவைகளில் கட்டப்பட்டு நின்றன. கரைக்குப் போகப் படகோ நீராவிப் படகோ வேண்டும். கப்பல் நின்ற சிறிது நேரத்தில் வியாபாரிகளும் சலவைக்காரர்களும் ஓட்டல் முகவர்களும் ஏறிவருவார்கள். கடலில் வீசும் காசுக்குச் சிறுவர்கள் பாட்டுப் பாடியபடி மூழ்கி எழுவார்கள். இறங்குதுறையில் காலூன்றியதும் பயணி முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. கப்பல் புறப்படும் நேரத்தையும், கரையிலிருந்து கடைசிப் படகு கிளம்பும் நேரத்தையும் உறுதிசெய்வது முதலாவது. கையிலுள்ள பணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது இரண்டாவது. இலங்கையில் 1870களின் தொடக்கத்திலிருந்தே ரூபாயும் சதமும் புழங்கின. நூற்றாண்டின் முடிவையொட்டித் தங்கப் பவுனுக்கு ரூபாய்க் கணக்கு நிலையானபின் இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய சிக்கலாக இல்லை.

இறங்குதுறைக்கு எதிரே, சில அடிகள் நடந்தால் போய்ச் சேரும் தொலைவில், கிராண்ட் ஓரியண்டல் ஓட்டல் நின்றது. படைவீரர் குடியிருப்பாக இருந்த கட்டடத்தை மாற்றியமைத்து 1875 நவம்பரில் அதைத் திறந்தார்கள். 'ஜி.ஓ.எச்.' என்று மூன்றெழுத்தில் அதைக் கப்பற்பயணிகள் அறிவார்கள். தங்க வருபவரைக் காட்டிலும் சில மணி நேரம் இளைப்பாற வருபவரே அங்கே அதிகம். குளிப்பது, கடிதம் எழுதுவது, பகலுணவு உண்பது, வேறு கப்பலில் வந்த நண்பரைச் சந்திப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அதுவே இடம். கிழக்கு நோக்கிப் போகும் கப்பலும் மேற்கு நோக்கிப் போகும் கப்பலும் ஒரே நாளில் துறைமுகத்தில் நின்றால், அதன் தாழ்வாரத்தில் உலகின் பாதி மொழிகளைக் கேட்கலாம்.

ஓட்டலை ஒட்டி யோர்க் வீதியிலும் கோட்டைப் பகுதியின் மற்ற வீதிகளிலும் பயணிக்கு வேண்டிய அனைத்தும் அடுத்தடுத்து அமைந்தன. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் நிறுவனம் 1906இல் யோர்க் வீதியில் தன் பெரிய செங்கட்டடத்தைக் கட்டி முடித்தது. தாமஸ் குக் கிளை, கப்பல் நிறுவன அலுவலகங்கள், வங்கிகள், தபால் நிலையம் ஆகியவை நடக்கும் தொலைவில் இருந்தன. 1890இல் தொடங்கிய பிளாட்டே நிழற்பட நிலையம் இலங்கைக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்றது. கோட்டையின் நடுவே ஒரே கோபுரம் மணிக்கூண்டாகவும் வெளிச்சவீடாகவும் இருந்தது. 1857இல் முடிந்த அந்த மணிக்கூண்டை வடிவமைத்தவர் ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி. 1867 முதல் அதன் உச்சியில் கடலுக்கான விளக்கு எரிந்தது.

மணிக்கணக்கில் பிரிந்த நகரம்

இரண்டாயிரம் ஆண்டு வரலாறு கொண்ட தீவை ஒரு பகலில் பார்த்துவிட முடியாது என்பது வழிகாட்டி நூல் எழுதியவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்கள் இடங்களைச் சிறப்பின்படி அடுக்காமல் நேரத்தின்படி அடுக்கினார்கள். சில மணி நேரமே உள்ளவர் எங்கே போகலாம், அரை நாள் உள்ளவர் எங்கே, முழு நாள் உள்ளவர் எங்கே என்ற பாகுபாடு கொழும்பு வழிகாட்டிகளின் இயல்பாயிற்று. ஹென்றி கேவ் 1908இல் வெளியிட்ட இலங்கை நூல் இவ்வகையில் பெயர்பெற்றது. ஸ்கீன் எழுதிய கொழும்பு வழிகாட்டியும் பலர் கையில் இருந்தது.

இரண்டு மூன்று மணி நேரமே உள்ளவருக்குக் கோட்டையும் காலிமுகத் திடலும் போதும். 1880களில் கொழும்புக்கு வந்த ரிக்‌ஷா இந்த வகைப் பயணிக்கு மிகவும் பொருந்தியது. கட்டணத்தை நகரசபை வரையறுத்திருந்தது. ரிக்‌ஷாவில் ஏறிக் கோட்டையைக் கடந்து தெற்கே சென்றால் சிறிது நேரத்தில் கடலோரப் புல்வெளி வரும். ஆளுநர் வார்டின் காலத்தில், 1859இல், அங்கே கடலையொட்டிய நடைபாதை முடிக்கப்பட்டது. கொழும்பின் பெண்களும் குழந்தைகளும் உலாவுவதற்காக அதைப் பேண வேண்டும் என்று பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டு அங்கே உண்டு. திடலின் தென்முனையில் காலிமுக ஓட்டல். டச்சுக்காரர் காலத்து மாளிகை ஒன்றிலிருந்து 1864இல் தொடங்கிய அது 1894இல் பெரிதாக விரிவாக்கப்பட்டது. மாலை தேநீருக்கும் சூரியன் மறையும் காட்சிக்கும் வழிகாட்டிகள் அனைத்தும் அந்த இடத்தையே குறித்தன.

அரை நாள் உள்ளவர் குதிரைவண்டி அமர்த்திக்கொண்டு பேரை வாவியைச் சுற்றிக் கறுவாத் தோட்டத்துக்குப் போகலாம். டச்சுக்காரர்கள் அரசு உடைமையாகக் கறுவா பயிரிட்ட அந்த நிலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடுகளும் தோட்டங்களும் நிறைந்த செல்வர் குடியிருப்பாக மாறிவிட்டது. கறுவா மணம் காற்றில் மிதந்துவரும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பலர். ஆனால் பட்டையை உரிக்கும்போதுதான் கறுவாவின் மணம் எழும். நிற்கும் மரத்தைச் சுற்றி அது இருக்காது. நல்ல வழிகாட்டி நூல் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தது. அங்கே 1877 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகம், உள்நாட்டு நகரங்களுக்குச் செல்ல நேரமில்லாதவர்களுக்கு அனுராதபுரத்தின் கற்சிலைகளையும் கண்டி அரசின் பொருட்களையும் ஒரே கூரையின் கீழ்க் காட்டியது. ஜேம்ஸ் ஸ்மித்தர் வரைந்த அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் கொழும்புச் சோனக முஸ்லிமான வாப்பிச்சி மரிக்கார்.

நகரை விட்டுச் சிறிது வெளியேற விரும்பியவர்களுக்கு இரண்டு திசைகள் இருந்தன. வடகிழக்கே களனி ஆற்றைக் கடந்து களனி விகாரைக்குப் போகலாம். அந்த ஆற்றின் மேல் 1822 முதல் படகுகளை வரிசையாகக் கட்டியமைத்த பாலம் இருந்தது. அதுவே பார்க்கத்தக்க காட்சியாகக் கருதப்பட்டது. 1895இல் விக்டோரியா பாலம் வந்தபோது படகுப் பாலம் மறைந்தது. தெற்கே கல்கிசைக்குப் போகலாம். ஆளுநர் மெயிட்லண்டின் கடற்கரை மாளிகை அங்கே ஓட்டலாகியிருந்தது. கடலை ஒட்டிச் செல்லும் ரயிலில் அரை மணி நேரத்தில் போய், மீன் உணவு உண்டு திரும்புவது கப்பற்பயணிகளின் நிலையான வழக்கமாயிற்று.

கடைவீதியும் பயணத்தின் ஒரு பகுதி. இலங்கை நீலக்கல்லும் வைடூரியமும் சந்திரகாந்தக் கல்லும் உலகறிந்தவை. அவற்றை விற்றவர்களில் பெரும்பாலோர் சோனகர்கள். 1860இல் காலியில் தொடங்கிய ஓ.எல்.எம். மாக்கான் மார்க்கார் நிறுவனம், கப்பல்கள் கொழும்புக்கு மாறியபின் தானும் கொழும்புக்கு வந்து, பயணிகள் தங்கும் ஓட்டல்களிலேயே கடை திறந்தது. காலத்தின் போக்கைப் புரிந்துகொண்ட வணிகத்துக்கு இது நல்ல சான்று. பெயர்பெற்ற கடையில் விலை கூடுதல், ஆனால் கல்லுக்குப் பொறுப்பு உண்டு; தெருவிலும் கப்பல் தளத்திலும் விற்பவரிடம் பேரம் பேசலாம், ஆனால் வாங்கியது கண்ணாடியாக இருந்தால் கப்பல் திரும்பி வராது. அவசரத்தில் இருக்கும் பயணி விலையுயர்ந்த கல்லை வாங்காமல் கருங்காலி யானை, கைப்பின்னல் வேலை, தேயிலைப் பெட்டி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது அனுபவசாலிகளின் அறிவுரை.

கண்டிக்கு ஒரு பகற்பயணம்

முழுப் பகலும் கையிலிருந்தவர்களுக்குக் கண்டி. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையிலான சுமார் 75 மைல் ரயில் பாதை 1867இல் முடிந்தது. காப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதை அது. இலை நோயால் காப்பி அழிந்து தேயிலை வந்தபோது அப்பாதை தேயிலையைச் சுமந்தது. இரண்டு காலத்திலும் கப்பற்பயணிகளையும் சுமந்தது. நெல்வயலும் தென்னந்தோப்பும் தாண்டி ரம்புக்கனையை அடைந்ததும் மலையேற்றம் தொடங்கும். அங்கிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில் வண்டி ஏறும். 'சென்சேஷன் ராக்' என்று பெயர்பெற்ற இடத்தில் பாதை செங்குத்தான பாறையின் விளிம்பை ஒட்டிச் செல்லும். கீழே பள்ளத்தாக்கின் படிக்கட்டு வயல்கள் தெரியும். நான்கு மணி நேரப் பயணத்தில் சமவெளியின் புழுக்கத்திலிருந்து மலையின் குளிர்ச்சிக்கு வந்துவிடலாம்.

காலை வண்டியில் கிளம்பி மாலை வண்டியில் திரும்புபவருக்குக் கண்டியில் மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதற்குள் ஏரிக்கரையும் புத்தரின் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகையும் பார்த்து, குயின்ஸ் ஓட்டலில் உண்டு முடிக்கலாம். 1821இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியல் தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர், ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கண்டி நகரையும் பேராதனையையும் ஓட்டமாக ஓடிப் பார்ப்பதைவிட ஏதேனும் ஒன்றை நின்று பார்ப்பவரே நிறைவோடு திரும்பினார். ரயில் பயணமே பாதிக் காட்சி என்பதால், இரண்டில் ஒன்றை மட்டுமே பார்த்தவர்கூட எதையும் இழந்ததாகக் கருதவில்லை. இந்தப் பயணத்தில் உண்மையான ஆபத்து ஒன்றே: மாலை வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஆகவே இரவு வெகுநேரம் கழித்து அல்லது மறுநாள் புறப்படும் கப்பலின் பயணிகளுக்கு மட்டுமே கண்டியைப் பரிந்துரைப்பது வழக்கம்.

இன்னும் நேரம் வேண்டும் என்றவர்கள் கப்பலையே விட்டுவிட்டார்கள். பயணச்சீட்டு அனுமதித்தால் கொழும்பில் இறங்கி, அதே நிறுவனத்தின் அடுத்த தபால் கப்பல் வரும்வரை மலைநாட்டையோ, 1900களின் தொடக்கத்தில் ரயில் சென்றடைந்த அனுராதபுரத்தையோ சுற்றிவந்தார்கள். தென்னிந்தியக் கோயில்களைப் பார்க்க விரும்பியவர்கள் தூத்துக்குடிக்குச் செல்லும் இரவுக் கப்பலில் ஏறினார்கள். வ.உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் போட்டியிட்டது இந்தத் தூத்துக்குடி – கொழும்பு வழியில்தான். 1914இல் தலைமன்னார் – தனுஷ்கோடி இணைப்பு வந்தபின் கொழும்பிலிருந்து சென்னைக்கு ரயிலும் சிறுகப்பலும் சேர்ந்த பயணம் எளிதாயிற்று.

மூன்று பயணிகள்

இடைத்தங்கலில் கொழும்பைப் பார்த்தவர்களில் மூன்று எழுத்தாளர்கள் தனித்து நிற்கிறார்கள். ரஷ்யாவின் அந்தோன் செகாவ், சகாலின் தீவின் கைதிகளைப் பற்றி ஆராய்ந்துவிட்டு 1890 நவம்பரில் 'பீட்டர்ஸ்பர்க்' என்ற கப்பலில் தாயகம் திரும்பும் வழியில் இங்கே சில நாள் தங்கினார். கிராண்ட் ஓரியண்டல் ஓட்டலில் அறை எடுத்தார். ரயிலில் உள்நாடு சென்று வந்தார். கீரிப்பிள்ளைகளை வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். நரகம் போன்ற சகாலினுக்குப் பின் இலங்கை சொர்க்கமாகத் தெரிந்தது என்ற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். கடல் பயணத்தில் இறக்கும் படைவீரன் ஒருவனைப் பற்றிய 'கூசெவ்' கதையின் அடியில் கொழும்பு என்றே இடம் குறித்தார்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1896 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து பம்பாய்க்குப் போகும் வழியில் இங்கே கப்பல் மாறினார். பிரிஸ்டல் ஓட்டலில் தங்கிய அவரை அதிகமாகக் கவர்ந்தவை கட்டடங்கள் அல்ல. தெருவில் நடமாடிய மக்களின் உடைகள். பட்டிலும் பருத்தியிலும் எதிரெதிர் நிறங்கள் ஒன்றோடொன்று இயைந்து செல்வதை வியந்து எழுதினார். அந்த வண்ணங்களுக்கிடையே ஐரோப்பிய உடை அணிவிக்கப்பட்ட மிஷன் பள்ளிச் சிறுமிகள் வரிசையைக் கண்டபோது அவருக்கு மனம் வருந்தியது. அவருடைய பயணநூலில் கொழும்பு சில பக்கங்களே. ஆனால் அந்நகரைப் பற்றி அதிகமாகப் படிக்கப்பட்ட பக்கங்களில் அவையும் அடங்கும்.

ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி 1900 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் கப்பலில் லண்டனுக்குப் படிக்கச் செல்கையில் கொழும்பில் இறங்கினார். விகாரையைப் பார்த்து, ஓட்டலில் கறிச்சோறு சாப்பிட்டுக் கப்பலுக்குத் திரும்பினார். பௌத்த நாட்டிலிருந்து வந்தவருக்குக் கொழும்பின் ஒரு பகலில் விகாரை முதலிடம் பெற்றது இயல்பே. ஒருவர் உள்நாட்டு மலைகளையும், ஒருவர் தெருவின் நிறங்களையும், ஒருவர் விகாரையையும் உணவையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று மூவரும் முயலவில்லை. அதனால்தான் அவர்கள் பார்த்தது எழுத்தில் நின்றது.

துறைமுகக் கிரிக்கெட்

இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே சென்ற கிரிக்கெட் அணிகள் தங்கள் இடைத்தங்கலை வேறு விதமாகப் பயன்படுத்தின. ஆஷஸ் கிண்ணத்தின் கதையோடு தொடர்புடைய ஐவோ பிளையின் இங்கிலாந்து அணி 1882 அக்டோபரில் 'பெஷாவர்' கப்பலில் வந்து கொழும்பில் ஓர் ஆட்டம் ஆடியது. இலங்கையில் இங்கிலாந்து அணி ஒன்று ஆடிய முதல் ஆட்டம் அது. கொழும்பை விட்டுப் புறப்பட்ட சிறிது காலத்தில் அந்தக் கப்பல் 'கிளென்ராய்' என்ற பாய்மரக் கப்பலோடு மோதியதில் பந்துவீச்சாளர் ஃபிரெட் மார்லி காயமடைந்தார். பழுதான கப்பல் கொழும்புக்கே திரும்பி வந்து சரிசெய்யப்பட்டது.

அதிலிருந்து ஏழு பத்தாண்டுகளுக்கு மேலாக, கப்பல் நிற்கும் பகலில் ஓர் ஆட்டம் என்பது வழக்கமாயிற்று. காலையில் வீரர்கள் கரையேறுவார்கள். ஆட்டம் முடிந்ததும் கப்பலுக்குத் திரும்புவார்கள். முடிவு காணாத ஆட்டங்களே அதிகம். இலங்கை வீரர்களுக்கோ உலகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களை எதிர்கொள்ள அது ஒன்றே வாய்ப்பு. 1948 மார்ச்சில் டான் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி தமிழ் யூனியன் சங்கத்தின் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடியது. இன்று அம்மைதானம் பி. சரவணமுத்துவின் பெயரைத் தாங்கியுள்ளது. பெரும் கூட்டம் திரண்ட அந்த ஆட்டத்தில் பிராட்மன் 20 ஓட்டங்கள் எடுத்தார். ஆடுகளம் 22 கெஜத்துக்குப் பதில் 20 கெஜமே இருந்தது ஆட்டத்தின் நடுவில்தான் தெரியவந்தது. இலங்கை டெஸ்ட் தகுதி பெற்றது 1981இல். அதற்கு முன் ஒரு நூற்றாண்டு காலம் அந்நாட்டுக் கிரிக்கெட் வளர்ந்ததில் கப்பல்களின் கரி ஏற்றும் நேரத்துக்கும் பங்கு உண்டு.

பயணி பார்க்காத கொழும்பு

மணிக்கணக்கில் அடுக்கிய வழிகாட்டி, பயணிக்கு எதைக் காட்டியதோ அதே அளவுக்கு மறைக்கவும் செய்தது. இறங்குதுறையிலிருந்து காலிமுகத் திடலுக்குச் செல்லும் பாதை தெற்கே போகிறது. கிழக்கே சில நிமிடம் நடந்தால் புறக்கோட்டை. அங்கே நாட்டின் மொத்த வியாபாரமும் நடந்தது. அரிசி, கருவாடு, துணி, மருந்துச் சரக்கு எல்லாம் குறுகிய தெருக்களில் குவிந்துகிடந்தன. அதற்கும் அப்பால் செட்டியார் தெரு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கிருந்து தோட்டங்களுக்கும் அரிசி வியாபாரத்துக்கும் கடன் கொடுத்தார்கள். வங்கிகளை அணுக முடியாத உள்ளூர் வணிகர்களுக்கு அவர்களே வங்கி. அத்தெருவின் கதிரேசன் கோயில்களிலிருந்து ஆடி மாதம் புறப்படும் வேல் விழாத் தேர், காலி வீதி வழியாகத் தெற்கே செல்லும். அந்த நாளில் துறைமுகத்தில் நின்ற கப்பலின் பயணிகளுக்கு, எந்த வழிகாட்டியும் உறுதி தராத காட்சி கிடைத்தது.

செட்டியார் தெருவுக்கு வடக்கே கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய கோயிலை அவர் மகன் சர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் திருப்பணி செய்தார். திராவிடக் கற்கோயிற் கலையைக் காண மதுரைக்கும் தஞ்சைக்கும் போக நேரமில்லாத பயணிக்கு, அது இறங்குதுறையிலிருந்து வண்டி ஓட்டத்தில் சிறிது நேரமே. ஆயினும் பலர் அதைப் பார்க்காமல் போனார்கள்.

பயணிக்கு நேரத்தைத் தந்த தொழிலாளர்களும் அவர் கண்ணில் நிலைக்கவில்லை. கரி சுமந்தவர்களிலும் ரிக்‌ஷா இழுத்தவர்களிலும் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். கடும் வெயிலில் ஓடி உழைத்த அவர்களின் கூலி மிகக் குறைவு. கப்பல் குறித்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்ற அவசரம் முழுவதும் அவர்கள் தோளில் இறங்கியது. 1927இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவின் தலைமையில் துறைமுகத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோதுதான், கப்பல்களின் காலத்தை நடத்துபவர்கள் யார் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

கப்பல் காலத்தின் முடிவு

இந்த உலகம் படிப்படியாகக் கலைந்தது. கரிக்குப் பதில் எண்ணெய் வந்தபின் எரிபொருள் ஏற்றும் நேரம் குறைந்தது. நீண்ட தூரத்தை நிற்காமல் கடக்கவும் முடிந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு வீசின. மறு ஆண்டு, போர்க்காலத் தேவைக்காக, குவாண்டாஸ் நிறுவனத்தின் கடல்விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரிக்கு இடைநில்லாமல் பறக்கத் தொடங்கின. வானிலேயே இரண்டு சூரிய உதயங்களைக் காணுமளவு நீண்ட பயணம் அது. கப்பல் ஒன்பது பத்து நாளில் கடந்த கடலை ஏறத்தாழ முப்பது மணி நேரத்தில் கடந்தார்கள்.

போருக்குப் பின் ஒருமுறை கப்பல்கள் நிரம்பி வழிந்தன. பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர்களில் பலர் முதன்முதலாக ஆசிய மண்ணை மிதித்தது கொழும்பில். 1956–57இல் சூயஸ் கால்வாய் சில மாதங்கள் மூடப்பட்டது. 1967 ஜூனில் மறுபடி மூடப்பட்டு 1975 ஜூன் வரை திறக்கவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்ற கப்பல்களுக்குக் கொழும்பு வழியில் இல்லை. கால்வாய் திறந்தபோது பயணிகள் ஜெட் விமானத்துக்கு மாறிவிட்டிருந்தார்கள். தபால் கப்பல் சேவை முடிந்துபோயிற்று. கொழும்புத் துறைமுகம் சரக்குப் பெட்டகங்களின் துறைமுகமாக வளர்ந்தது. கிராண்ட் ஓரியண்டல் சில காலம் தப்ரபேன் என்ற பெயரில் இயங்கிப் பழைய பெயருக்குத் திரும்பியது. உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் கோட்டைப் பகுதியின் பல வீதிகள் பாதுகாப்பு வளையத்துக்குள் அடைபட்டன.

2009இல் போர் முடிந்தபின் சுற்றுலாக் கப்பல்கள் மீண்டும் வந்து ஒரு பகல் நிற்கின்றன. நீண்ட விமானப் பயணத்தின் நடுவே சில மணி நேரம் கிடைக்கும் பயணிகளும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நகருக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் காட்டப்படும் இடங்களில் பாதி, 1880களிலேயே வகுக்கப்பட்டவை: கோட்டை, காலிமுகத் திடல், கறுவாத் தோட்டம், அருங்காட்சியகம், நேரமிருந்தால் கண்டி. மறு பாதி அன்று விடுபட்டவை: புறக்கோட்டைச் சந்தை, அங்கே 1908இல் எழத் தொடங்கிய செந்நிற ஜாமி உல் அல்ஃபார் பள்ளிவாசல், செட்டியார் தெருக் கோயில்கள், கொச்சிக்கடைக் கருங்கற் கோயில். தொலைவு குறித்த பழைய கணக்கு மாறவில்லை; திரும்பும் நேரத்தை முதலில் அறிவது, ஒரு திசையைத் தேர்ந்து அதில் நிலைப்பது என்ற பழைய பாடமும் மாறவில்லை. பார்க்கத்தக்கது எது என்ற தீர்மானம் மட்டும் விரிந்திருக்கிறது. அதனால் இன்று ஒரு பகலே தங்குபவர், நூறாண்டு முன் வந்தவரைவிடக் கொழும்பு மக்களின் வாழ்க்கைக்கு அருகே சென்று வர முடிகிறது.